பச்சை என்ன போடுறீங்க?

கினிப்பன்றி சாப்பிடவில்லை என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆய்வுக்கூடத்து அனிமல் ஹவுஸில் குதிரைமசால் நறுக்கிப் போட்ட காலத்தில் ஒட்டிக்கொண்ட கேள்வி. "முயல் பெல்லட்தான் சார் போடுறோம்" என்பார்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். முயலின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளும். கினிப்பன்றியின் ஈரலில் அதற்கான நொதி கிடையாது. நமக்கும் கிடையாது.

1890களில் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலை ஆராய்ந்த தியோபால்ட் ஸ்மித், ஓட்ஸும் தவிடும் மட்டும் தின்ற கினிப்பன்றிகள் உள்ளே ரத்தம் கசிந்து சாவதையும், புல்லோ முட்டைக்கோஸோ போட்டால் அது வராததையும் பார்த்து எழுதினார். அவர் தேடியது பன்றிக் கிருமியை. இது ஓரத்துக் குறிப்பாக நின்றுபோனது. தினமும் கூண்டைக் கழுவிய ஆளுக்கு இது அதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர் கொண்டிருந்த ஆஸ்லோவில், ஆக்ஸெல் ஹோல்ஸ்டும் குழந்தை மருத்துவர் தியோடர் ஃப்ரோலிக்கும் நார்வே மாலுமிகளைப் பிடித்த 'கப்பல் பெரிபெரி'யின் காரணத்தைத் தேடினார்கள். அதுவரை சோதித்த புறாவுக்குப் பதில் ஒரு பாலூட்டி வேண்டும் என்று கினிப்பன்றியை எடுத்து, தானியமும் ரொட்டியுமாகப் போட்டார்கள். வந்தது பெரிபெரி இல்லை, வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி. ஈறு வீங்கி, பல் ஆடி, மூட்டு வலியில் நகர முடியாமல் கிடந்தன. முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் நோய் அண்டவில்லை. 1907-இல் அதை வெளியிட்டார்கள். எலியை எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதுவும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஒற்றை அறையில் 1918-இல் ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசனும், ஸ்கர்வி வந்த கினிப்பன்றிகளின் அட்ரீனல் சுரப்பி வீங்கி ரத்தம் கசிவதைப் பதிவு செய்தார். 1932-இல் ஹங்கேரியின் செகெட் நகரில் சென்ட்-ஜியோர்ஜி, தான் பிரித்தெடுத்த அமிலம்தான் வைட்டமின் சி என்று காட்டியதும் கினிப்பன்றிகளை வைத்தே. பிறகு அதைக் கிலோ கணக்கில் எடுக்க அவருக்குக் கைகொடுத்தது உள்ளூர் மிளகாய். அந்த இனத்தைச் சேர்ந்த குடைமிளகாயில் ஒரு துண்டைத்தான் நானும் தினமும் போடச் சொல்கிறேன்.

பச்சை சரியாக இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: ஏதாவது ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா? பெனிசிலின் இந்தப் பிராணிக்கு விஷம் என்பது 1943-இல் வெளியானது. குடலில் நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகிவிடும். 1940 மே மாதம் ஆக்ஸ்போர்டில் பெனிசிலினைச் சோதித்த ஃப்ளோரி, கினிப்பன்றிகளுக்கு இல்லாமல் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டது மனித குலத்தின் அதிர்ஷ்டம். இன்றும் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை 'கொஞ்சமாக' ஊற்றிவிட்டுப் போன் செய்கிறவர்கள் உண்டு. கோபம்தான் வரும்.

அரை நாள் வாய் வைக்கவில்லை என்றாலே டாக்டரிடம் போக வேண்டும். இதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய எந்திரம். நின்றால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கின் மேல் சாய்ந்திருந்தால் அதையும் அவர்தான் பார்த்து ராவ வேண்டும். வயிறு உப்பிக் கல் போல இருந்தால் எதையும் ஊட்டக் கூடாது. அப்படி இல்லை, ஊட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், கினிப்பன்றி பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாகக் கரைத்து, ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் எடுங்கள். மல்லாத்தாதீர்கள், புரையேறும். துண்டில் சுற்றி நிமிர்த்தி மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். மென்றால்தான் அடுத்த சொட்டு. காலையில் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். கூண்டில் புழுக்கை எத்தனை, போன தடவையைவிடப் பெரிதா சிறிதா என்றும் பாருங்கள். டாக்டர் அதைக் கட்டாயம் கேட்பார்.