லத்தீன் தெரியுமா?

சென்ற மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் மகள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து முதுகலை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஸ்பானிஷும் பிரெஞ்சும் எடுத்து இளங்கலையை முடிக்கும் தறுவாயில் இருப்பவள். இங்கே ஜெர்மனியிலேயே, அயல்மொழிகளும் இலக்கியங்களும் என்ற முதுகலைப் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். ஒரு மொழியில் சி1 தரம் வேண்டும், இன்னொன்றில் பி2, ஆங்கிலம் தவிர்த்து மூன்றாவதாக ஓர் அயல்மொழியில் பி1. இவை போக லத்தீன் அறிந்ததற்கான சான்றிதழ். அது கையில் இல்லாவிட்டால் இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

"மூணாவதா என்ன போடப் போற?" என்று கேட்டேன்.

"தமிழ்" என்றாள்.

மகிழ்ந்துபோய் அருகே சென்று பார்த்தேன். தாய்மொழி என்ற கட்டத்தில் ஜெர்மன் என்று இருந்தது.

"தாய்மொழில தமிழைப் போட்டா அயல்மொழிக் கணக்குல அது வராதுப்பா. ஒரே மொழிய ரெண்டு கட்டத்துல போட விடாது."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

2000-இல் கணினி அறிவியல் முதுகலைக்காக நான் இந்த நாட்டுக்கு வந்தபோது பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் டோஃபல் மதிப்பெண்ணும் கேட்டார்கள். அவ்வளவுதான். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. லத்தீன் என்ற சொல்லை அந்த இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் உச்சரித்த நினைவில்லை. இப்போது பிழைப்புக்காக நான் செய்வது, பெரிய நிறுவனங்களின் பழைய மென்பொருளைப் புதியதற்கு மாற்றித் தரும் வேலை. அதில் அடிக்கடி ஒன்றைப் பார்ப்பேன். நிரப்பாமல் தாண்ட முடியாத ஒரு கட்டம் படிவத்தில் இருக்கும். எதற்கு என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எடுத்துவிடலாமா என்றால் பயப்படுவார்கள். தோண்டிப் பார்த்தால் முப்பது வருடத்துக்கு முன் யாரோ இருவர் போட்ட சண்டையின் மிச்சமாக இருக்கும் அது. மகளுடைய படிவத்தின் லத்தீன் கட்டத்தையும் அப்படித்தான் தோண்டத் தொடங்கினேன்.

கதையை 1777-இல் கோட்டிங்கனிலிருந்து சொல்வது வழக்கம். பதினெட்டு வயது ஃப்ரீட்ரிஷ் அவுகுஸ்ட் வோல்ஃப் பல்கலைக்கழகத்தில் சேர வந்து, தன்னை 'மொழியியல் மாணவன்' என்று பதிவு செய்யச் சொல்கிறான். நாம் இன்று மொழியியல் என்பது வேறு. அவன் சொன்னது கிரேக்க, லத்தீன் நூல்களை அவற்றுக்காகவே கற்கும் படிப்பை. பொறுப்பில் இருந்த பேராசிரியர், அப்படி ஒரு துறையே கிடையாது, பள்ளிக்கூட வாத்தியாராக வேண்டுமென்றால் இறையியலில் பெயரைக் கொடு என்கிறார். அன்று பள்ளி ஆசிரியர் என்பவர் பெரும்பாலும் ஒரு தேவாலயப் பதவிக்காகக் காத்திருக்கும் இறையியல் பட்டதாரி. வோல்ஃப் விட்டுக்கொடுக்கவில்லை, கேட்டபடியே பதிந்துகொண்டான். பிற்காலத்தில் பதிவேடுகளைப் புரட்டியவர்கள், அவனுக்கு முன்பே சிலர் அப்படிப் பதிந்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கதை நிலைத்துவிட்டது. படிவத்தில் இல்லாத ஒன்றை எழுதச் சொல்லி அடம் பிடித்த பிள்ளை என்பதால் எனக்கும் அவனைப் பிடித்திருக்கிறது.

இந்த வோல்ஃப்தான் பின்னர் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1787-இல் அங்கே மொழியியல் கருத்தரங்கைத் தொடங்கினார். மேடைப் பேச்சு நடக்கும் கருத்தரங்கு அல்ல இது. பொறுக்கியெடுத்த சில மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு பழைய நூலை வரி வரியாக விளக்கி, ஒருவர் விளக்கத்தை இன்னொருவர் அறுத்துப் போடும் பயிற்சிக்கூடம். விவாதம் லத்தீனில், எழுதித் தரும் கட்டுரையும் லத்தீனில். இன்று உலகமெங்கும் முதுகலை வகுப்புகளில் 'செமினார்' என்று நடப்பதன் மூதாதை இதுதான். அங்கே லத்தீன் ஒரு தகுதியாகக் கேட்கப்படவில்லை. அது இல்லாமல் வாயைத் திறக்கவே முடியாது.

அதே காலத்தில் பிரெஞ்சோ இத்தாலியனோ சொல்லிக்கொடுத்தவர்கள் எங்கே இருந்தார்கள்? பல்கலைக்கழகத்திலேயேதான் இருந்தார்கள், ஆனால் குதிரையேற்றம், வாள்வீச்சு, நடனம் கற்பிக்கும் ஆசான்களோடு ஒரே வரிசையில். உயிருள்ள மொழி என்பது பிரபு வீட்டுப் பிள்ளைகள் பழகவேண்டிய நாகரிகங்களில் ஒன்று. அதற்குப் பட்டம் எதற்கு?

அந்த வரிசையிலிருந்து உயிருள்ள மொழிகளை மேலே தூக்கி விட்டவர்களில் முக்கியமானவர் பான் பல்கலைக்கழகத்தின் ஃப்ரீட்ரிஷ் டீட்ஸ். 1830-இல் பேராசிரியரானார், அவருடைய ரோமானிய மொழிகளின் இலக்கணத்தின் முதல் பாகம் 1836-இல் வெளிவந்தது. பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்த்துகீசியம் எல்லாம் மக்கள் பேசிய லத்தீனிலிருந்து எந்தெந்த ஒலிமாற்றங்களின் வழியே பிரிந்து வந்தன என்பதை விதி விதியாக நிறுவிய நூல் அது. கால்டுவெல் நம் மொழிகளுக்குச் செய்ததற்கு 20 வருடம் முந்தையது. டீட்ஸின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? பிரெஞ்சு ஒரு 'படிப்பு' ஆனது, அது லத்தீனின் பிள்ளை என்று நிரூபிக்கப்பட்டதால். பிள்ளையைப் பார்க்க வருபவன் தாயிடம் அனுமதி பெற்றாக வேண்டும். என் மகளின் படிவத்தில் இருக்கும் கட்டம் இங்கேதான் முளைத்தது என்று நினைக்கிறேன்.

விளைவு சற்று வேடிக்கையானது. பழம்பிரெஞ்சின் உயிரெழுத்துகள் எப்படித் திரிந்தன என்று மணிக்கணக்காகப் பேசக்கூடிய, ஆனால் பாரிஸில் ஓர் அறை வாடகைக்குப் பேசி முடிக்கத் தடுமாறுகிற பட்டதாரிகள் பெருகினார்கள். 1882-இல் வில்ஹெல்ம் ஃபீட்டர் என்ற மொழியாசிரியர், மொழிப்பாடம் தலைகீழாகத் திரும்ப வேண்டும், பேச்சிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு சிறு நூல் போட்டார். பெரும் பரபரப்பு. அவர் தன் பெயரில் எழுதவில்லை. பெயருக்குப் பதிலாக அட்டையில் இருந்தது சிசரோவின் புகழ்பெற்ற உரையொன்றின் முதலிரு சொற்கள். லத்தீன் பிடியை எதிர்த்தவருக்கும் புனைபெயர் லத்தீனில்தான் கிடைத்தது.

சேர்க்கை விதிகளின் சண்டை இதற்கு இணையாக ஓடுகிறது. பிரஷ்யா 1788-இல் பள்ளி இறுதித் தேர்வைக் கொண்டுவந்தது. 1834-இல் அதில் தேறாமல் பல்கலைக்கழகத்தில் நுழைய முடியாது என்றாக்கியது. அந்தத் தேர்வை நடத்தும் உரிமை லத்தீனும் கிரேக்கமும் புகட்டிய 'கிம்னாசியம்' பள்ளிகளுடையது. வணிகர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் போன 'ரெயால்' பள்ளிகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிவியலும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் அங்கே படித்தவனுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. 1870 டிசம்பரில் ஓர் ஆணை வந்தது: ரெயால் பள்ளிகளில் முதல் நிலையிலுள்ளவற்றில் தேறியவர்கள் கணிதம், இயற்கை அறிவியல், நவீன அயல்மொழிகள் ஆகியவற்றை மட்டும் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். கிரேக்கம் அறியாதவன் உள்ளே வந்த முதல் சந்துகளில் ஒன்று அயல்மொழித் துறை. அந்தப் பள்ளிகளிலும் லத்தீன் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். லத்தீனே இல்லாத பள்ளிகளுக்கும் சம உரிமை கிடைக்க 1900 வரை ஆனது. பெண்களுக்குப் பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் முறைப்படி திறந்தது 1908-இல். என் மகளுக்கு இந்த வரிசையில் முதலில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

பொதுக் கதவு 1900-இல் திறந்தபோதும் மொழித்துறைகள் தமக்கென ஒரு சிறு கதவை உள்ளே வைத்துக்கொண்டன. பள்ளியில் லத்தீன் படிக்காதவர்கள் தனித் தேர்வு எழுத வேண்டும். 'லத்தீனும்' என்று இங்கே சொல்லப்படும் அந்தச் சான்றிதழ் இரண்டு உலகப் போர்களையும் நாட்டின் பிரிவினையையும் தாண்டி வந்தது. நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலம், நவீன மொழிகளுக்கு ஆசிரியராக விரும்புவோர் லத்தீன் காட்ட வேண்டியதில்லை என்று விதியை மாற்றியது 2016-இல்தான். மற்ற இடங்களில் பாடத்துக்குப் பாடம், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுகிறது.

இங்கே எங்கள் ஊர்ப் பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டும். நான் மாயவரத்துக்காரன். தரங்கம்பாடி அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சின்ன வயதில் டேனிஷ் கோட்டையும் கடலும் பார்க்கப் போவோம். சீகன்பால்க் சிலையின் நிழலில் சுண்டல் தின்றிருக்கிறேன். 1706-இல் அங்கே வந்திறங்கிய அவர் தமிழுக்கு எழுதிய இலக்கணம் 1716-இல் அச்சானது. அச்சான ஊர் ஹாலே. வோல்ஃப் தன் கருத்தரங்கைத் தொடங்குவதற்கு 71 வருடம் முன்பு, அதே ஊரில் தமிழெழுத்து அச்சேறியிருக்கிறது. நூலின் மொழி ஜெர்மன் அல்ல, லத்தீன். தமிழ் கற்க விரும்பிய ஐரோப்பியனுக்கு அன்று லத்தீன் தெரிந்திருக்க வேண்டும். வீரமாமுனிவரும் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார்; அது தரங்கம்பாடியில் 1738-இல் அச்சானது. கார்ல் கிரவுல் லைப்சிக்கிலிருந்து வெளியிட்ட தமிழ் நூல் வரிசையில் திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1856-இல் வந்தது. அவர் இறந்த மறு வருடம், 1865-இல் வந்த தொகுதியில் குறள் மூலமும் எளிய தமிழ் உரையும் லத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்ந்திருந்தன. ஆக, லத்தீனும் தமிழும் இந்த நாட்டில் முன்பே ஒரே பக்கத்தில் இருந்திருக்கின்றன. என் மகள் விண்ணப்பித்த துறைக்கு அது நினைவில்லை, அவ்வளவுதான்.

இனி மூன்றாவது மொழிக் கட்டம். இது பழையதல்ல, என் வயதில் பாதிகூட இராது. முன்பு இங்கே முதுகலைக்கென்று தனிச் சேர்க்கையே இருக்கவில்லை. பள்ளி முடித்து நுழைந்தால் நேராக 'மகிஸ்டர்' பட்டம் வரை போவார்கள், சிலர் பதினாறு செமஸ்டர் நிதானமாக. 1999-இல் ஐரோப்பிய அமைச்சர்கள் பொலோன்யாவில் கூடிக் கையெழுத்திட்ட பிறகு படிப்பு இளங்கலை, முதுகலை என்று இரண்டாக வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் ஒரு வாசல் வந்தது, வாசலுக்கு ஒரு காவல். 2001-இல் ஐரோப்பிய அவை மொழித்திறனுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளை வெளியிட்டது. காவல்காரர் கையில் ஒரு அளவுகோல் கிடைத்தது. அதற்கு முன் ஒரு பேராசிரியர் பத்து நிமிடம் பேசிப் பார்த்து முடிவு செய்ததை இப்போது ஒரு தாள் செய்கிறது. பேராசிரியரின் முகதாட்சண்யம் போனது நல்லதுதான். ஆனால் தாள் தருவதற்கு யாரும் இல்லாத மொழி என்ன செய்யும்?

மகள் ஒன்பது வருடம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள். சனிக்கிழமை காலைகளில் அவளை அழைத்துப்போனதும், அழுகையும், காரிலேயே ஒப்பித்த ஆத்திசூடியும் எங்கள் வீட்டுச் சரித்திரம். அந்தப் பள்ளியின் சான்றிதழை அனுப்பினாள். அதில் ஐரோப்பியப் படி குறிக்கப்படவில்லை, ஏற்க இயலாது என்று பதில் வந்தது. தொலைபேசியில் கேட்டபோது பேசிய பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். தமிழ் வீட்டில் பேசும் மொழி என்றால் அது தாய்மொழி, அயல்மொழியாகாது. தாய்மொழி ஜெர்மன் என்று எழுதியிருப்பதால் தமிழுக்குச் சான்று வேண்டும். இரண்டு வாக்கியங்களிலும் பிழையில்லை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நின்றிருந்தோம்.

கோபம் ஆறியபின் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அவளுக்கு உண்மையில் தமிழ் எவ்வளவு தெரியும்? அலமாரியிலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தப்பில்லாமல்தான் படித்தாள், ஆனால் விரலை வைத்துக்கொண்டு. ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடம் ஆனது. பேச்சு வரிகளில் சிரித்தாள், வர்ணனையில் நின்றுவிட்டாள். 'தாழ்வாரம்' என்றால் என்ன என்று கேட்டாள். பாட்டி வீட்டில் அதில்தான் தூங்கியிருக்கிறாள், அதன் பெயர் தெரியாது. எந்தப் படியில் இவளை நிறுத்துவது? நான் அளந்து சொல்லியிருந்தால் அந்த அலுவலகத்தைவிடக் கறாராக இருந்திருப்பேனோ என்னவோ.

கடைசியில் மூன்றாவது மொழிக்கு, இளங்கலையில் இரண்டு செமஸ்டர் படித்த போர்த்துகீசியத்தைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து படித்து ஒரு தேர்வும் எழுதினாள். இடம் கிடைத்துவிட்டது. தாய்மொழிக் கட்டத்தில் இனி தமிழ் என்று மாற்றலாமே என்றேன். விண்ணப்பம் அனுப்பியபின் திருத்த முடியாதாம்.

இப்போது விடுமுறையில் ஆறு வார லத்தீன் வகுப்புக்குப் போகிறாள். இரவில் மேசை முழுக்க அகராதியும் அட்டைகளும். போன வாரம் கிரவுலின் அந்த 1865 தொகுதியின் மின்படியைக் கண்டுபிடித்து அவளிடம் காட்டினேன். லத்தீன் வாக்கியத்தை அவள் பிரிக்கிறாள். வினை எங்கே, எழுவாய் எங்கே என்று பென்சிலால் கோடு போடுகிறாள். நான் குறளைப் பிரித்துச் சொல்கிறேன். எனக்கு லத்தீன் தெரியாது, அவளுக்குச் செய்யுள் தெரியாது. ஓர் இடத்தில் கிரவுல் பொருளைத் தவறாகக் கொண்டிருக்கிறார் என்று நான் சொல்ல, இல்லை, நீங்கள்தான் தமிழைச் சரியாகப் படிக்கவில்லை என்று அவள் சொல்ல, பரிமேலழகரை எடுத்துவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டோம். மணி பதினொன்றரை. காலையில் அவளுக்கு மூன்றாம் வேற்றுமைப் பரீட்சை இருந்தது.