விழித்திரையின் நடுப்புள்ளி: நூற்றைம்பது ஆண்டு வரலாறு

வயசானவர்களுக்குக் கண் மங்கினால் நம் வீடுகளில் சொல்வது ஒன்றுதான்: "புரையா இருக்கும், முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." இந்தப் பேச்சு சும்மா வந்ததல்ல. பழைய முறை அறுவையில் புரை நன்றாக முற்றிய பிறகே எடுப்பது வழக்கம். அதனால் கண் விஷயத்தில் காத்திருப்பதே வைத்தியம் என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டார்கள். ஆனால் காத்திருக்கவே கூடாத கண் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் வயது சார்ந்த மாகுலா சிதைவு. அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், ஏன் காத்திருக்கக் கூடாது என்பது தானே விளங்கும்.

கண்ணை ஒரு கேமரா என்று வைத்துக்கொள்வோம். புரை விழுவது முன்னே உள்ள லென்ஸில். மாகுலா சிதைவு வருவதோ பின்னே உள்ள பிலிமில், அதாவது விழித்திரையில். விழித்திரையின் நடுவே சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம்தான் மாகுலா. எழுத்துப் படிப்பது, முகம் அறிவது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் இந்தச் சிறு இடத்தின் வேலை. இது கெட்டால் பார்வையின் நடு மறைந்து ஓரம் மட்டும் மிஞ்சும். எதிரே நிற்கும் பேரனின் முகம் தெரியாது. அவன் பக்கத்தில் கிடக்கும் நாற்காலி தெரியும்.

நம் முன்னோர் இதை ஏன் அறியவில்லை? தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளின் நோய்க்குறிப்புகளைப் படங்களோடு எழுதி வைக்கச் செய்தார். அவை இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. சென்னையில் 1819-லேயே கண் மருத்துவமனை தொடங்கிவிட்டது. ஆனால் உயிருள்ளவரின் கண்ணுக்குள்ளே பின்புறத்தைப் பார்க்கும் கருவி அன்று உலகில் எங்குமே இல்லை. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பற்றி வெளியிட்டது 1851-ல். சரபோஜி மறைந்து அப்போது 19 ஆண்டுகள் ஆகிவிட்டன.

கருவி வந்த பின் நோய் கண்ணில் பட்டது. 1874-ல் லண்டனில் ஹட்சின்சன், டே என்ற இரு மருத்துவர்கள் முதியோரின் இரு கண்களிலும் நடுவில் தோன்றும் இந்தக் கோளாறை விவரித்தார்கள். 1885-ல் சுவிட்சர்லாந்தின் ஹாப் அதற்கு முதுமைச் சிதைவு என்ற பொருளில் பெயர் வைத்தார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நூறு ஆண்டுகள் மருத்துவர்களும் "வயசாச்சு, அவ்வளவுதான்" என்றே சொல்லி அனுப்பினார்கள்.

இந்த நோயில் இரண்டு வகை. உலர் வகை மெதுவாக, பல ஆண்டுகளில் தேய்க்கும். ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும். சில வாரங்களிலேயே நடுப்பார்வை போய்விடலாம். 1980-களில் அந்தக் குழாய்களை லேசரால் சுட்டார்கள். சுட்ட இடத்திலேயே தழும்பு விழுந்து பார்வையும் போனது.

வழி திறந்தது புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து. கட்டிகள் வளரப் புது ரத்தக்குழாய் வேண்டும், அதைத் தடுத்தால் கட்டி வாடும் என்று 1971-ல் பாஸ்டனின் ஃபோக்மன் எழுதினார். குழாய்களை வளர்க்கும் புரதத்தை 1989-ல் ஃபெராரா பிரித்தெடுத்தார். அதைத் தடுக்கும் அவாஸ்டின் 2004-ல் குடல் புற்றுநோய்க்கு வந்தது. மறு ஆண்டே மயாமியின் ரோசன்ஃபெல்ட் அதைச் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார், பலன் கிடைத்தது. 2006-ல் அதே கம்பெனி கண்ணுக்கென்றே லூசென்டிஸ் என்ற மருந்தை வெளியிட்டது.

இங்கேதான் வியாபாரியான என் கவனம் நின்றது. அமெரிக்காவில் அப்போது லூசென்டிஸ் ஒரு ஊசிக்கு சுமார் 2,000 டாலராக இருந்தது. அவாஸ்டினைப் பங்கு பிரித்தால் சுமார் 50 டாலர்தான் ஆனது. நாற்பது மடங்கு வித்தியாசம்! 2011-ல் அமெரிக்க அரசு நடத்திய ஒப்பீட்டில் இரண்டும் பார்வையை ஒரே அளவில் காத்தன. ஆனால் அவாஸ்டினைப் பிரிக்கும் இடம் சுத்தமாக இல்லாவிட்டால் கண்ணில் கிருமி புகும். விலை குறைவென்று கண்டபடி போட்டுக்கொள்ளக் கூடாது. 2015-ல் ஆமதாபாத்தின் இன்டாஸ் நிறுவனம் லூசென்டிஸுக்கு நிகரான மருந்தைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. ஒரு ஊசியோடு முடிகிற காரியமல்ல, பலமுறை போட வேண்டும் என்பதால் இந்த விலைக் குறைப்பு சிறிய விஷயமல்ல.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க நோய்" என்பாரும் உண்டு. புதுச்சேரிப் பகுதியிலும் வடக்கே குர்கானிலும் 60 வயது கடந்தவர்களைச் சோதித்து 2010-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுமேல் முற்றிய நிலை இருந்தது. நம் வீடுகளும் விலக்கல்ல.

உலர் வகைக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. நடுநிலையை எட்டியவர்களுக்குக் குறிப்பிட்ட விட்டமின், துத்தநாகக் கலவை நோய் முற்றும் வாய்ப்பைக் கால் பங்கு குறைத்ததாக 2001-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதிலிருந்த பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு ஆகாது என்பதால் 2013-ல் லூட்டீன் கலந்த கலவை வந்தது. மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம். கீரை தினமும் சேர்க்கலாம். பீடி, சிகரெட்டைக் கட்டாயம் விட வேண்டும்.

நம் ஊரில் மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. திருவனந்தபுரம் அரசுக் கண்ணாஸ்பத்திரி 1905-ல் தொடங்கியது. இன்று மண்டலக் கண் மருத்துவ நிலையமாக இருக்கிறது. குறை நம்மிடம்தான். ஒரு கண் கெட்டாலும் மற்றது ஈடுகட்டுவதால் கெட்டதே தெரிவதில்லை. சாலையிலும் கரமனையிலும் வலியசாலையிலும் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெரியவர்கள், "அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று வாய் திறப்பதும் இல்லை.

சோதனை எளிது. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, கணக்குப் பேரேட்டின் கட்டங்களைப் பாருங்கள். பிறகு மறு கண்ணால் பாருங்கள். வாரம் ஒருமுறை போதும். நேர்க்கோடு வளைந்தாலோ, நடுவில் கறை போல மறைந்தாலோ அது புரை அல்ல. முத்தட்டும் என்று விடாமல், அந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் போய்விட வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அடுத்தமுறை போனில் பேசும்போது, "சாப்பிட்டீங்களா" என்பதோடு "கட்டம் பார்த்தீங்களா" என்றும் கேட்டால் நல்லது.