மீன்பிடிப் படகுகளில் வழிப்புள்ளி குறித்தல்

மீன்பிடிப் படகுகளில் வழிப்புள்ளி குறித்தல் என்பது, கடலில் உள்ள ஒரு பார், மூழ்கிய கலம், வலை விரித்த இடம், துறைமுக வாய் அல்லது எல்லைக்கோட்டின் முனை போன்ற இடங்களை அகலாங்கு, நெட்டாங்கு எண்களாகக் கருவியில் பதிவு செய்து, பின்னர் அதே இடத்துக்குத் திரும்பிச் செல்லப் பயன்படும் முறை ஆகும். இதற்கு இரண்டு கருவிகள் தேவை. படகு எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு கூறுவது ஜிபிஎஸ் கருவி. படகின் அடியில் என்ன இருக்கிறது என்பதை ஒலியைக் கொண்டு கூறுவது சோனார் வகையைச் சேர்ந்த எதிரொலிமானி. தமிழ்நாட்டு மீனவர்கள் இதனை எக்கோ சவுண்டர் என்றும் பிஷ் பைண்டர் என்றும் அழைக்கின்றனர். இவ்விரண்டும் சரியாக நிறுவப்பட்டு, ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே பதிவான புள்ளி நம்பத்தக்கது.

வரலாறு

கருவிகள் வருவதற்கு முன்னர், தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவர்கள் கரைக்குறிகளைக் கொண்டே பார்களைக் கண்டறிந்தனர். கரையில் உள்ள ஒரு கோபுரமும் அதற்குப் பின்னே உள்ள ஒரு மலையும் ஒரே நேர்கோட்டில் தெரியும்போது ஒரு கோடு கிடைக்கும். வேறு திசையில் மற்றோர் இணைக் குறிகள் பொருந்தும்போது இரண்டாவது கோடு கிடைக்கும். இரு கோடுகளும் வெட்டும் இடமே தேடும் இடம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தைப் பாகக் கணக்கில் அளந்து, குண்டில் ஒட்டி வரும் சேற்றையோ மணலையோ பார்த்து அவ்விடம் உறுதி செய்யப்பட்டது. ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 1.83 மீட்டர் ஆகும். இம்முறை கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவு வரை மட்டுமே பயன்படும். மூடுபனியிலும் இரவிலும் இதன் பயன் குறைவு.

அமெரிக்காவின் ஜிபிஎஸ் அமைப்பு 1995ஆம் ஆண்டு முழுச் செயற்பாட்டு நிலையை அடைந்தது. எனினும், பொதுமக்களுக்கான குறிகையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட பிழையின் காரணமாக இடம் ஏறத்தாழ 100 மீட்டர் வரை விலகிக் காட்டியது. இப்பிழை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. அதன் பின்னர் சாதாரணக் கருவிகளே 10 மீட்டர் அல்லது அதற்கும் குறைந்த பிழையுடன் இடம் காட்டத் தொடங்கின. சிறிய பார் ஒன்றைத் தேடும் மீனவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியதாகும்.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இணைந்து உருவாக்கிய ககன் அமைப்பு, ஜிபிஎஸ் குறிகைக்கான திருத்தங்களைப் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வழியாக ஒலிபரப்புகிறது. விமானப் போக்குவரத்துக்காக உருவாக்கப்பட்டதாயினும், திருத்தக் குறிகையை ஏற்கும் வசதியுள்ள படகுக் கருவிகளும் இதனைப் பயன்படுத்தலாம்.

செயற்படும் விதம்

எதிரொலிமானியின் உணரி படகின் அடியில் பொருத்தப்படுகிறது. அது ஒலித் துடிப்பை அனுப்பி, தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்பும் எதிரொலிக்கான நேரத்தை அளக்கிறது. கடல் நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். எனவே 30 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப 0.04 நொடி ஆகும். வெப்பமான கடல் நீரில் ஒலி சற்று வேகமாகச் செல்லும். 28° செல்சியசு வெப்பநிலையில் இது நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர். கருவி 1500 என்று கொண்டு கணக்கிட்டால் ஆழம் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைவாகத் தெரியும்.

படகுக் கருவிகளில் பொதுவாக 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவெண்கள் உள்ளன. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கற்றை குறுகலானது. ஆழம் குறைந்த கடலில் நுணுக்கமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கற்றை அகலமானது. அதிக ஆழத்தை எட்டும். ஒலிக்கற்றை கூம்பு வடிவில் விரிவதால், 20° கோணமுள்ள கற்றை 30 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 10.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைப் பார்க்கிறது. 45° கற்றை அதே ஆழத்தில் ஏறத்தாழ 25 மீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது. அவ்வட்டத்துக்குள் எங்கே பார் இருந்தாலும் அது படகின் நேர் கீழே இருப்பதாகவே திரையில் தோன்றும்.

ஆழம் மிகக் குறைந்த பாக்கு நீரிணைப் பகுதிக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதுமானது. மன்னார் வளைகுடாவின் வெளிப்பகுதியிலும், கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டுக்கு அப்பாலும் செல்லும் படகுகளுக்கு 50 கிலோஹெர்ட்ஸ் தேவைப்படும்.

நிறுவும் முறை

உணரியைப் பொருத்துவதற்குப் படகு கரையேற்றப்பட வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் பழுதுபார்க்கப்படுவதால், இப்பணிக்கு அதுவே ஏற்ற காலம். கவனிக்க வேண்டியவை வருமாறு:

• உணரி, சுழலிக்கு முன்பக்கமாக, நீர்க்குமிழிகள் ஓடாத இடத்தில் இருத்தல் வேண்டும். குமிழிகள் ஒலியைத் தடுக்கும்.
• உணரியின் முகம் கடல் தரையை நோக்கி நேராக இருத்தல் வேண்டும். சாய்ந்தால் ஒலிக்கற்றையும் சாயும். 30 மீட்டர் ஆழத்தில் 10° சாய்வு, பார்க்கும் இடத்தை 5 மீட்டருக்கு மேல் விலக்கும்.
• திண்மையான கண்ணாடியிழை உடலின் உட்புறத்தில் ஒட்டிய உணரி செயற்படும். மரப் படகில் அவ்வாறு செயற்படாது. அங்கே உடலைத் துளைத்துப் பொருத்த வேண்டும்.
• ஜிபிஎஸ் அலைவாங்கி வானம் மறைக்கப்படாத இடத்தில், விஎச்எப் வானொலியின் அலைவாங்கியிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருத்தல் நன்று.
• இயன்றவரை அலைவாங்கியை உணரிக்கு நேர் மேலே அமைக்க வேண்டும். அலைவாங்கி சுக்கான் அறைக் கூரையிலும் உணரி அதற்கு 6 மீட்டர் பின்னாலும் இருந்தால், குறிக்கும் ஒவ்வொரு புள்ளியும் படகு செல்லும் திசையில் 6 மீட்டர் தள்ளிப் பதிவாகும்.
• உணரி நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள அளவைக் கருவியில் உள்ளிட வேண்டும். இல்லையெனில் காட்டப்படும் ஆழம் உணரியிலிருந்து மட்டுமே கணக்கிடப்படும்.

தனித்தனிக் கருவிகளை இணைக்க என்எம்இஏ 0183 என்னும் நெறிமுறை நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இதன் வழக்கமான வேகம் நொடிக்கு 4800 பிட்டுகள். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே வேகத்தில் அமைக்கப்பட வேண்டும்.

அமைப்புகள்

நிலத்தோற்ற அளவை

ஜிபிஎஸ் கருவிகள் டபிள்யுஜிஎஸ் 84 என்னும் புவி அளவையைப் பயன்படுத்துகின்றன. பழைய இந்திய நிலப்படங்கள் எவரெசுட்டு அளவையைப் பின்பற்றியவை. ஒரே எண்களை ஒன்றிலிருந்து மற்றொன்றில் மாற்றாமல் எழுதினால், இடம் நூறு மீட்டருக்கும் மேலாக விலகும். எனவே கருவியில் டபிள்யுஜிஎஸ் 84 தெரிவு செய்யப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எண் வடிவம்

ஒரே இடத்தை மூன்று வடிவங்களில் எழுதலாம்: பாகையும் தசமமும், பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம், பாகை, நிமிடம், நொடி. கடலில் இரண்டாவது வடிவமே பெரும்பாலும் பயன்படுகிறது. அகலாங்கில் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர். எனவே நிமிடத்தின் மூன்றாம் தசம இடம் ஏறத்தாழ 2 மீட்டரைக் குறிக்கும். தமிழ்நாட்டின் தென்பகுதியில் நெட்டாங்கில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1830 மீட்டர் ஆகும்.

வடிவங்களைக் குழப்புவதே வழிப்புள்ளிகளில் நேரும் மிகப் பெரிய பிழைகளுக்குக் காரணம்.

எல்லைக்கோட்டை உள்ளிடுதல்

இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு இடையே பாக்கு நீரிணைப் பகுதியின் எல்லை 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டது. மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடாப் பகுதிகளின் எல்லை 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் தரும் ஆறு புள்ளிகள்:

1. 10°05.0′ வடக்கு, 80°03.0′ கிழக்கு
2. 09°57.0′ வடக்கு, 79°35.0′ கிழக்கு
3. 09°40.15′ வடக்கு, 79°22.60′ கிழக்கு
4. 09°21.80′ வடக்கு, 79°30.70′ கிழக்கு
5. 09°13.0′ வடக்கு, 79°32.0′ கிழக்கு
6. 09°06.0′ வடக்கு, 79°32.0′ கிழக்கு

மூன்றாம் புள்ளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 22.60 நிமிடம் என்பது 22 நிமிடம் 36 நொடி ஆகும். இதனை 22 நிமிடம் 60 நொடி என்று உள்ளிட்டால் 23 நிமிடம் ஆகிவிடும். புள்ளி ஏறத்தாழ 730 மீட்டர் கிழக்கே, அதாவது இலங்கைப் பக்கம் நகரும். அப்போது கோட்டுக்கு மேற்கே நிற்பதாகத் திரை காட்டும் படகு, உண்மையில் கோட்டைத் தாண்டியிருக்கக்கூடும். அதே எண்களை 9.4015°, 79.2260° எனத் தசமப் பாகையாக உள்ளிட்டால், புள்ளி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கிலும் 16.5 கிலோமீட்டர் மேற்கிலும் விழும். இப்பெரிய பிழை திரையில் உடனே தெரிந்துவிடும். 730 மீட்டர் பிழை தெரியாது. ஆகவே அதுவே ஆபத்தானது.

இராமேசுவரத்திலிருந்து நான்காம் புள்ளி ஏறத்தாழ 12 கடல்மைல் தொலைவில் உள்ளது. மணிக்கு 7 கடல்மைல் வேகத்தில் செல்லும் விசைப்படகு இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே சென்றுவிடும். எல்லை தாண்டியதாகப் படகுகள் பிடிக்கப்படுவதும் மீனவர்கள் சிறைப்படுவதும் இப்பகுதியில் தொடரும் துயரம் ஆகும். இதற்குக் கருவிப் பிழை மட்டுமே காரணம் அன்று. மீன் வளம், பிடிப்பு உரிமை, இழுவலை பற்றிய பிணக்குகள் ஆகியனவும் அடங்கும். எனினும் எந்திரம் பழுதாகி நிற்கும் படகு, மணிக்கு ஒரு கடல்மைல் நீரோட்டத்தில் இரண்டு மணி நேரத்தில் 3.7 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே எச்சரிக்கை ஒலியை எல்லைக்கோட்டின் மேலேயே அமைக்காமல், சில கடல்மைல்கள் முன்னதாக அமைப்பது பாதுகாப்பானது.

பாரைத் துல்லியமாகக் குறித்தல்

பார் திரையில் தெரிந்தவுடன் பொத்தானை அழுத்தினால் சரியான இடம் கிடைப்பதில்லை. மணிக்கு 6 கடல்மைல் வேகத்தில் படகு நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் நகர்கிறது. கண்டு, உணர்ந்து, அழுத்துவதற்குள் மூன்று நொடிகள் சென்றால் 9 மீட்டர் தவறும். இதனுடன் அலைவாங்கிக்கும் உணரிக்கும் இடையிலான தொலைவும், ஒலிக்கற்றையின் அகலமும் சேர்கின்றன.

இவற்றைத் தனித்தனியாகக் கணக்கிடாமல் நீக்க எளிய வழி உண்டு.

1. பாரை மெதுவாக ஒரு திசையில் கடந்து, மிகக் குறைந்த ஆழம் தெரியும்போது ஒரு புள்ளியைக் குறிக்க வேண்டும்.
2. நேர் எதிர்த் திசையில் திரும்பி, ஜிபிஎஸ் காட்டும் அதே வேகத்தில் அதே கோட்டில் கடந்து, மீண்டும் ஒரு புள்ளியைக் குறிக்க வேண்டும்.
3. இரு புள்ளிகளின் நடுப்புள்ளியைச் சரியான இடமாகக் கொள்ள வேண்டும்.
4. முதல் கோட்டுக்குக் குறுக்காகவும் இதே முறையைச் செய்தால், பக்கவாட்டுப் பிழையும் குறையும்.

காலத் தாமதமும் கருவிகளின் இடைவெளியும் இரு பயணங்களிலும் எதிரெதிர்த் திசையில் விழுவதால், நடுப்புள்ளியில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. இரு கருவிகளும் ஒரே திரையில் இணைந்திருந்தால், சுட்டியைப் பின்னோக்கி நகர்த்திப் பாரின் உச்சியில் வைத்துக் குறிக்கலாம். அப்போது காலத் தாமதம் நீங்கும். ஆனால் கருவிகளின் இடைவெளியால் வரும் பிழை நீங்காது.

பிழைகளும் வரம்புகளும்

• தென்னிந்தியா புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. இதனால் சூரியன் மறைந்த பின் சில மணி நேரம், சிறப்பாகச் சம இரவுக் காலங்களையொட்டி, அயனி மண்டலக் கலக்கம் குறிகையைப் பாதிக்கலாம்.
• செயற்கைக்கோள்கள் வானில் ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் பிழை கூடும். எச்டிஓபி எண் 2க்குக் குறைவாக இருக்கும்போது புள்ளி குறிப்பது நன்று.
• ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரங்களுக்கு ஒருமுறை சுழிக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் இவ்வாறு நிகழ்ந்தபோது சில பழைய கருவிகள் தவறான தேதியைக் காட்டின.
• படகு நின்றிருக்கும்போது ஜிபிஎஸ் காட்டும் செல்திசை நம்பத்தக்கதன்று. அது நகர்வைக் கொண்டு கணக்கிடப்படுவதாகும். படகின் முகம் நோக்கும் திசையை அறியத் திசைகாட்டி தேவை.
• கருவி நீரில் நனைந்தோ மின்கலம் தீர்ந்தோ நின்றுவிடலாம். துறைமுக வாய், எல்லைப் புள்ளிகள் முதலியவற்றைக் காகிதத்திலும் எழுதி வைத்தல் வேண்டும்.

தகவல் சேவைகள்

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன்வளம் மிகுந்திருக்க வாய்ப்புள்ள பகுதிகளை அகலாங்கு, நெட்டாங்கு, ஆழம், இறங்குதளத்திலிருந்து திசை, தொலைவு ஆகியவற்றுடன் வெளியிடுகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் அமைக்கப்பட்டுள்ள செயற்கைப் பார்களைச் சென்றடையவும் வழிப்புள்ளிகள் பயன்படுகின்றன. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலி, எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கிறது.

2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக்கு அருகே உருவாகி விரைவில் வலுப்பெற்ற ஒக்கிப் புயல், இத்துறையில் ஒரு குறைபாட்டை வெளிப்படுத்தியது. ஆழ்கடலில் பல நாட்கள் தங்கிய படகுகளிடம் ஜிபிஎஸ் இருந்தது. ஆனால் புயல் எச்சரிக்கையைப் பெறவோ, தாம் இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லவோ பெரும்பாலான படகுகளுக்கு வழி இல்லை. விஎச்எப் வானொலி அவ்வளவு தொலைவு எட்டாது. ஜிபிஎஸ் கருவி குறிகையைப் பெறுவது மட்டுமே, அனுப்புவதன்று. இதன் பின்னர், ககன் செயற்கைக்கோள்கள் வழியாக எச்சரிக்கைகளைக் கைப்பேசிக்குத் தரும் ஜெமினி கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. அதுவும் செய்தியைப் பெற மட்டுமே பயன்படும். இருவழிச் செய்தித் தொடர்பும் ஆபத்து அறிவிப்பும் உள்ள கருவிகளை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

ஆபத்து நேரத்தில் விஎச்எப் 16ஆம் அலைவரிசையிலோ, கைப்பேசி எட்டும் தொலைவில் கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணிலோ இடத்தைத் தெரிவிக்கலாம். அப்போது எண்களை ஒவ்வொன்றாகவும், பாகை, நிமிடம், புள்ளி எனப் பிரித்தும், வடக்கு, கிழக்கு என முடித்தும் இருமுறை சொல்ல வேண்டும். எந்த வடிவத்தில் சொல்லப்படுகிறது என்பதைத் தேடுவோர் அறிந்தால்தான் தேடும் இடம் சரியாக அமையும்.

இவற்றையும் பார்க்க

• எதிரொலிமானி
• ககன்
• பாக்கு நீரிணை
• வாட்ஜ் திட்டு
• ஒக்கிப் புயல்