ஜொகூர் இளவரசர் வழக்கு – 6: இரண்டு ஏணிகள்

அப்பீல் கட்டு நீதிபதியின் மேசைக்கு வந்து சேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இருவரைக் காயப்படுத்திய வழக்கு. முதல் எதிரி துங்கு மாமுட் இஸ்கண்டார், ஜொகூர் சுல்தான் இஸ்மாயிலின் மகன். கீழ்க்கோர்ட்டில் விவகாரம் லேசாக முடிந்தது. அரசுத் தரப்பு விடவில்லை.

நீதிபதி யார்? ராஜா அஸ்லான் ஷா. 1928இல் பத்து காஜாவில் பிறந்தவர். நாட்டிங்ஹாமில் சட்டம் படித்து, 1954இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் வழக்கறிஞரானவர். ஊர் திரும்பியதும் நேரே உச்சிக்குப் போய்விடவில்லை. மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞர் என்று ஒவ்வொரு படியாக மிதித்து ஏறினார். பகாங்குக்கும் பிறகு ஜொகூருக்கும் மாநிலச் சட்ட ஆலோசகராக இருந்தார். ஆமாம், இதே ஜொகூருக்குத்தான்! 1965இல் உயர்நீதிமன்ற நீதிபதியானபோது வயது 37.

அவருக்கு இன்னொரு ஏணியும் இருந்தது. அவரும் இளவரசர், பேராக் சுல்தான் யூசுப்பின் மகன். ஆனால் பேராக்கில் அரியணை அப்பாவிடமிருந்து மகனுக்கு நேரே போவதில்லை. சுல்தானுக்குக் கீழே ஆறு பட்டங்கள் வரிசையில் காத்திருக்கும். 1962இல் அவருக்குக் கிடைத்தது கடைசிப் பட்டம். அதை நம்பி யாரும் வேலையை விடமாட்டார்கள்.

ஓர் அரச குடும்பத்துக்காரர் இன்னொரு அரச குடும்பத்துக்காரருக்குத் தண்டனை தீர்மானிக்க வேண்டும். விட்டுக்கொடுப்பார் என்றுதானே நினைப்போம்?

மலாயா சட்ட சஞ்சிகையின் 1973ஆம் ஆண்டு முதல் தொகுதி, 128ஆம் பக்கத்தைப் புரட்டினால் தெரியும். எதிரியின் அந்தஸ்தைப் பார்த்துத் தண்டனையைக் குறைப்பது அரச குடும்பத்துக்கென்று தனிச் சட்டம் போடுவதற்குச் சமம் என்று எழுதினார். இந்த நாட்டில் சட்டம் ஒன்றே, குடிமக்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்றார். சுற்றிவளைப்பே இல்லை.

தீர்ப்பு முடிந்தது, நீதிபதி அடுத்த கட்டை எடுத்தார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

1981 மே மாதம் சுல்தான் இஸ்மாயில் காலமானார். அந்த முதல் எதிரி ஜொகூர் சுல்தானானார். 1982 நவம்பரில் அந்த நீதிபதி நாட்டின் தலைமை நீதிபதி, 'லார்ட் பிரசிடெண்ட்'. மறுவருடம் பேராக் வரிசையிலும் ராஜா மூடா, அதாவது பட்டத்து இளவரசர். நாவலில் இப்படி எழுதினால் ஆசிரியரே 'கொஞ்சம் ஓவர்' என்று வெட்டிவிடுவார்.

மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கும் மலேசிய மாமன்னரின் ஐந்தாண்டுத் தவணை 1984 ஏப்ரலில் முடிய வேண்டும். அடுத்தவர் பேராக் சுல்தான் இட்ரிஸ் என்றே பரவலான பேச்சு. ஜனவரி 31 அன்று அவர் திடீரென மறைந்தார்.

பிப்ரவரி 3. தலைமை நீதிபதி அங்கியைக் கழற்றிவிட்டுப் பேராக் அரியணையில் அமர்ந்தார்.

சில நாட்களில் ஆட்சியாளர்கள் மன்றம் கூடியது. ரகசிய வாக்கெடுப்பு. மாமன்னர் பதவி ஜொகூருக்கு! அன்றைய எதிரி இனி நாட்டுக்கே அரசர்.

துணை மாமன்னர் யார் என்பது இன்னும் பாக்கி.

(தொடரும்)