கணக்கு நம்ம கைக்கு வந்த கதை

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, எனக்குத் தெரிந்தது குழுக் கணக்கு எழுதுவது மட்டும்தான் என்றேன். அதையே எழுதுங்க என்றார்கள். அதனால் கூட்டலும் கழித்தலும் நம்ம பெண்கள் கைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

இன்றைக்கு மாட்டுத்தாவணி என்றால் 1999ல் வந்த பஸ் ஸ்டாண்டும் பூ மார்க்கெட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் தாவணி என்றால் மாட்டுச் சந்தை. ஊர்ப் பேரே அதில் வந்ததுதான். மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கே தெரியாது. வீட்டில் புல்லறுத்துப் போட்டு மாட்டை வளர்த்தவளுக்கு எங்கே தெரியும்?

எங்க அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அணாக் கணக்கு அவங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. 1957 ஏப்ரல் 1ல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. 3 ரூபாய் 10 அணாவும் 2 ரூபாய் 9 அணாவும் எவ்வளவு? 10ம் 9ம் 19 அணா. அதில் 16 அணா ஒரு ரூபாய், மீதி 3 அணா. ஆக 6 ரூபாய் 3 அணா. நமக்குப் பத்து சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஒன்று போகும். அவங்களுக்குப் பதினாறு சேர வேண்டும். நம்ம கணக்கைவிட அது கஷ்டம். அதை வாயாலேயே போடுவாங்க. ஆனால் கடை நோட்டில் எழுதியதைப் படிக்கத் தெரியாது. "அவன் எழுதுனா கணக்கு, நான் சொன்னா வெறும் பேச்சுத்தான்"னு சொல்லுவாக.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எங்க அம்மா அதில்தான் சாயங்கால வகுப்புக்குப் போய் எண் எழுதப் பழகினார். அதற்கு முன்னாலேயே, 1989ல், தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியிருந்தன. 1992ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு மகளிர் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. நம்ம மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்களில் முன்னின்ற சின்னப்பிள்ளை அம்மாவும் பள்ளிக்கூடம் போகாதவர்தான். 2001ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

ரொக்கப் புத்தகமும் பேரேடும் இப்படித்தான் நம்ம கைக்கு வந்தது. நான் பத்தாவது படித்தவள் என்று குழுவில் என்னிடம் நோட்டைக் கொடுத்தார்கள். ஒரு மாசம் நடந்ததைச் சொல்கிறேன்.

முந்தைய இருப்பு 10,040 ரூபாய். 15 பேர் சந்தா 1,500. கடன் அசல் வரவு 2,650. வட்டி 385. மொத்தம் 14,575. செலவில், உள்கடன் கொடுத்தது 8,000. வங்கியில் கட்டியது 5,000. நோட்டு வாங்கியது 87. மொத்தம் 13,087. கழித்து, இருப்பு 1,588 என்று எழுதினேன். பெட்டியில் இருந்தது 1,488. நூறு ரூபாய் குறைந்தது.

பெட்டிச் சாவி ஒரு அக்காவிடம் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லல. ஆனா எல்லாரும் அவங்களையே பார்த்தாங்க. அந்த அக்கா மடியிலிருந்த நூறு ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, "இனி எனக்குக் குழு வேணாம்"னு போயிட்டாங்க.

ராத்திரி தூக்கம் வரல. செலவையும் இருப்பையும் கூட்டிப் பார்த்தேன். 13,087ம் 1,588ம் 14,675 வந்தது. வரவு 14,575தானே? அப்பதான் புரிந்தது. பத்தாம் இடத்துக்குக் கடன் வாங்கினேன், நூறாம் இடத்தில் இருந்த 5ஐ 4 ஆக்க மறந்துட்டேன். சரியான இருப்பு 1,488தான். விடியுமுன்னே அவங்க வீட்டுக்குப் போய் நூறு ரூபாயைக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலயும் தப்பு என்னுதுன்னு சொல்லி, தீர்மானப் புத்தகத்திலும் எழுதினேன். அவங்க குழுவுக்குத் திரும்பி வந்தாங்க. ஆனா என்னோட பழையபடி பேச மூணு மாசம் ஆச்சு.

அன்றிலிருந்து எங்க குழுவில் ஒருத்தர் கழித்தால், இன்னொருத்தர் கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். நம்ம கணக்கு எண்ணாக வராது, பேச்சாக வரும். "கடன் வாங்குனா" என்றால் கூட்டுவதா, கழிப்பதா? பெட்டியில் பணம் குறைகிறது, கழிக்கணும். அவள் பேரில் பாக்கி கூடுகிறது, அங்கே கூட்டணும். ஒருத்தி 12,000 வாங்கி, அசலில் 4,750 கட்டி, மறுபடி 3,000 வாங்கினால் பாக்கி அசல் எவ்வளவு? 12,000ல் 4,750 போக 7,250. அதோடு 3,000 சேர்ந்து 10,250. எந்தப் பக்கம் நின்று கேட்கிறோம் என்று முதலில் பார்த்துவிட்டால் கணக்கு தானாக வரும்.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் உங்க பாஸ்புக்கை நீங்களே ஒரு தடவை கூட்டிப் பாருங்க. எழுதுகிறவரை நம்பாததால் இல்லை. எழுதுகிறவளும் மனுஷிதான், என்னைப்போல மறந்துவிடுவாள்.