கரி பூசிய முகமும் கல்கத்தாவின் மறுமொழியும்

கேமரன் மலையில், கியா பார்ம் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழரைத் துரைமார் ‘கூலி’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கினர். தோட்டத் துரைமார் தமிழ் பயில 1915-இல் கொழும்பில் வெளிவந்த கையேட்டின் பெயரே ‘கூலித் தமிழ்’ என்பதாம். மக்களை இவ்வாறு ஓர் அச்சில் வார்க்கும் வழக்கம் நாடக மேடையில் நகைச்சுவையாகவும் உலவியது. அந்நகைக்கு நகையாலேயே விடையிறுத்த வரலாறு ஒன்று கல்கத்தாவில் உண்டு.

அமெரிக்காவில் 1830-களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசி, ‘ஜிம் குரோ’ என்னும் கறுப்பின வேடம் புனைந்து ஆடிப் புகழ்பெற்றார். பிற்காலத்தில் கறுப்பு மக்களை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே அப்பெயர் வழங்கலாயிற்று. சிரிப்பதற்கென்று புனைந்த உருவம் அடக்குமுறையின் பெயராக முடிந்தது.

இக்கரிமுகக் கூத்து கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. 1860-களில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெயர் பெற்ற டேவ் கார்சன், கறுப்பினத்தாரை நகையாடிய அதே கலையைக் கொண்டு ஆங்கிலம் படித்த வங்காளி பாபுவை நகையாடினார். அவையிலிருந்த வெள்ளையர் கைகொட்டிச் சிரித்தனர். நிறம் வேறாயினும் ஏளனத்தின் அச்சு ஒன்றே.

அதற்கு மறுமொழி கொடுத்தவர் அர்த்தேந்து சேகர் முஸ்தபி. அவுரித் தோட்டத் துரைமாரின் கொடுமையைக் காட்டும் ‘நீலதர்ப்பண’ நாடகம் 1872 டிசம்பர் 7-ஆம் நாள் நேஷனல் தியேட்டரில் அரங்கேறியபோது, வுட் துரையாக நடித்தவர் அவரே. 1873-இல் கார்சன் கல்கத்தாவில் கூத்து நடத்த, முஸ்தபி துரை வேடம் பூண்டு, இந்தியும் ஆங்கிலமும் கலந்த பாட்டால் வெள்ளையரின் இறுமாப்பை எள்ளினார். அதுவரை நகைப்புக்கு இலக்காயிருந்தவர் நகைப்பவரானார்.

ஆட்சியாளர் இதனை எளிதாகக் கொள்ளவில்லை. 1876-இல் வேல்ஸ் இளவரசருக்கு வரவேற்பளித்த வங்கப் பிரமுகரை எள்ளிய நாடகமும், காவல்துறை அதிகாரிகளைப் பன்றியும் ஆடுமாகக் காட்டிய நையாண்டியும் மேடையேறின. அவ்வாண்டே நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்தது. கார்சனின் ஏளனத்தைப் பொறுத்திருந்த அரசு, ஆளப்படுவோரின் ஏளனத்தைப் பொறுக்கவில்லை.

ஆகவே, நகைச்சுவையை எடைபோடுவோர் சிரிப்பின் அளவை மட்டும் பார்த்தல் போதாது. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், அச்சிரிப்பைத் தடுக்க வல்லவர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். துரையின் சிரிப்புக்கு மேடை கிடைத்தது. முஸ்தபியின் சிரிப்புக்கு விலங்கு தேடப்பட்டது. இன வேற்றுமையின் வரலாற்றை இவ்வொன்றே போதுமான அளவு விளக்கும்.