தென்பாண்டி நாட்டில் நிலவளவை: லாம்டனின் பணி

நிலத்தை அளந்தறிதல் தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் காலத்திற் சோழநாட்டு நிலங்கள் அளக்கப்பெற்றமையும், 1086-ஆம் ஆண்டில் முதற் குலோத்துங்கன் அவற்றை மீண்டும் அளப்பித்தமையும் கல்வெட்டறிஞர் நன்கறிவர். குழி, மா, வேலி என்பன விளைநிலப் பரப்பையும் அதற்குரிய இறையையும் அறிவிப்பன. ஓர் ஊர் நிலவுலகில் எவ்விடத்தது என்பதை அறிவிப்பன அல்ல. அதனை அறிவிக்கும் அளவை தென்பாண்டி நாட்டிற் புகுந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

இன்று தீப்பெட்டியாலும் பட்டாசாலும் பெயர்பெற்ற சிவகாசியும், சாத்தூரும், விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரும் 1910-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்திருந்தன. அச்சீமை அக்காலத்திற் கும்பினி ஆட்சியின் எல்லைப்புறம். 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாக மாற்றப்பட்டன. இப்போர் ஓய்ந்து பத்தாண்டு நிறையுமுன் அங்கு அளவுகருவியோடு வந்தவர் வில்லியம் லாம்டன்.

படைவீரராகிய இவர் 1799-இல் சீரங்கபட்டணப் போரிற் கலந்துகொண்டவர். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அடிக்கோடு ஒன்றை நேரில் அளந்துவிட்டால், பின்னர்க் கோணங்களை மட்டும் அளந்தே முக்கோணத்தின் ஏனைப் பக்கங்களைக் கணக்கிடலாம். குன்றுகளும் கோபுரங்களும் அம்முக்கோணங்களின் முனைகளாயின. கோணமளக்கும் பெருங்கருவி அரை டன் எடையுடையது. 1808-இல் தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின்மீது அதனை ஏற்றுங்கால் கயிறு அறுந்து கருவி சிதைந்தது. லாம்டன் மனந்தளராது பல கிழமைகள் கூடாரத்துள் இருந்து தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார்.

78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கு நோக்கிச் சென்ற முக்கோணத் தொடர், கரிசல் நிலத்தைக் கடந்து குமரிமுனையருகே முடிந்தது. 1809-இல் பாளையங்கோட்டைப் பக்கத்தில் மற்றோர் அடிக்கோடு அளக்கப்பெற்றது. வடக்கிலிருந்து கணக்கிட்டு வந்த நீளம் நேரில் அளந்த நீளத்தோடு ஒத்துநிற்கிறதா என ஆய்தலே அதன் நோக்கம்.

லாம்டன் நாடியது உலகின் வடிவத்தை. அவரை அனுப்பிய கும்பினி நாடியது நாட்டின் படத்தை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் அவரை அறிஞர் என்று மட்டும் புகழ்தலோ, ஆட்சியின் ஏவலர் என்று மட்டும் இகழ்தலோ வரலாற்று நெறியாகாது. 1858-இற் சென்னை மாகாணத்தில் அளவைத்துறை அமைந்த பின்னரே வயல்தோறும் எல்லைக்கல் நடுதலும் புலவெண் இடுதலும் முறையாக நடந்தன. குடியானவன் வாழ்வை நேரே தொட்டது அவ்வளவையேயாம்.

லாம்டன் 1823 சனவரியில் மராட்டிய நாட்டு இங்கன்காட்டில் பணியிலிருந்தவாறே இறந்தார். அவர்க்குப்பின் வந்த எவரெஸ்டின் பெயர் 1865-இல் உலகின் உயர்ந்த சிகரத்திற்குச் சூட்டப்பெற்றது. தொடங்கியவர் பெயர் அவ்வாறு நிலைபெறவில்லை. கொடி பிடித்துக் குன்றேறியவரும் கருவி சுமந்தவருமாகிய நம் நாட்டார் பெயர்களோ அதனினும் மறைந்தன. பாளையக்காரர் வரலாற்றை ஆராயும் மாணவர் போர்க்களங்களோடு நில்லாது, போருக்குப்பின் அந்நிலம் படமாகிய வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும் என்பது நம் கருத்து.